சாக்குப் படத்தின் நூல்முனை

அக்கா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. அங்கே அம்மா உன்னோடு இருந்தால் அவளுக்கும் வேண்டாம்.

நாளை உன் காரியச் சாப்பாட்டுக்கு வாங்கிய அரிசி மூட்டை என் பாயருகில் இருக்கிறது. அறை முழுக்கச் சாக்கு வாசனை. மண்டியிலிருந்து நீ திரும்பும்போது உன் சேலையில் வருமே, அதே வாசனை. மூட்டை வாயில் நூல்முனை தொங்குகிறது. "பிரிச்சு வுடு புள்ள. உனக்குத்தான் அது கைப்பழக்கமாச்சே" என்றாள் அத்தை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

எப்படித் தொடுவேன்? போன வருஷம் பெங்களூரில் தொட்டது போதாதா?

எங்கள் ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவுக்குத் துணையாக வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வரலாம் என்று டீச்சர் சொன்னதும், பாலக்கோடு மண்டியில் சாக்குத் தைக்கும் நீ லீவு சொல்லிவிட்டு வந்தாய். அன்றும் உன் கொண்டையில் கோணி ஊசி. அந்த நவீன ஓவியக் கூடத்தில் எல்லோரும் சத்தம் போடாமல் நடந்துகொண்டிருந்தோம். ஒரு சுவரில் கிழிந்த சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, சட்டம் அடித்து மாட்டியிருந்தார்கள்.

"நம்ம மண்டிச் சாக்காட்டமே இருக்குதுடி. பஸ்ஸு ஏறி வந்து இதையா பார்க்கோணும்?" என்று சிரித்தாய்.

கீழ்த் தையலில் ஒரு நூல்முனை தொங்கியது. மிஷின் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மூட்டை வாய் சரசரவென்று பிரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து மண்டியில் எனக்கு அதுதான் விளையாட்டு. கை தானாகப் போனது. ஒரு முழம் பிரிந்து சாக்கு தொங்கிவிட்டது.

நீ திட்டவில்லை. "தள்ளிப் போடி. புள்ளைங்களோட போயி நில்லு" என்று ஊசியை எடுத்தாய். பிரிந்த நூலையே கோத்து நாலு தையல் போடுவதற்குள் காவலாளி கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே டீச்சரும் வந்தார்.

"நாந்தாங்க பிரிச்சேன். தச்சுக் குடுத்துர்றேனுங்க" என்றாய்.

டீச்சர் என்னிடம், "உங்க அக்காவுக்கு நீயாவது சொல்லக்கூடாதா?" என்றார்.

"சொன்னேங்க டீச்சர். கேக்கலைங்க."

நீ பக்கத்தில்தான் நின்றாய். என்னைப் பார்க்காமல் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டாய்.

சாயங்காலம் வரை உன்னை பஸ்ஸிலேயே உட்காரவைத்தார்கள். நாங்கள் பூங்காவெல்லாம் சுற்றிவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் என் தலையை இழுத்து உன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிப்புடாத. பள்ளிக்கூடத்தை வுட்டு நிறுத்திருவாரு. என்னை என்ன பண்ணப் போறாங்க?" என்றாய்.

ஊரில் உனக்குப் 'படம் தச்சவ' என்று பேர் வந்தது. நீ காமாலையில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்களும் அதைச் சொன்னார்கள். இன்று பந்தலில் மாமா மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார். "ஒண்ணுந் தெரியாத புள்ள. பெங்களூர் போயும் தலைகுனிவுதான் வாங்கியாந்துச்சு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், அக்கா.

உன் ஊசி என்னிடம்தான் இருக்கிறது. பாவாடை மடிப்பில் செருகியிருக்கிறேன். புரண்டு படுத்தால் குத்துகிறது. நாளை எல்லோரும் கூடியிருக்கும்போது சொல்லிவிட வேண்டும். படிப்பு போனால் போகட்டும் என்று எழுதுகிறேன், அடித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "இன்னும் வெளக்கு எரியுதே, தூங்கலையா சாமி?" இந்தக் காகிதத்தை மூட்டைக்கடியில் தள்ளிவிடுவதா, இல்லை கதவைத்