நாற்பதில் உதறிய ஜீப்

இன்று ஆய்வகத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு ஒத்ததிர்வுச் சோதனை. அதிரும் இசைக்கவையைக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு, உள்ளிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஓரிடத்தில் அந்த மெல்லிய ரீங்காரம் திடீரென்று பெருத்து அறையை நிறைத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு நீங்கள் மலைக்கு ஓட்டிய ஜீப் ஞாபகம் வந்துவிட்டது.

ஆறு வருடம் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து புதூர்நாட்டுப் பள்ளிக்கு ஏறி இறங்கியிருக்கிறேன். புளி மூட்டைகளுக்கு நடுவே என் பையை நசுங்காமல் வைப்பீர்கள். ஒருநாள் ஸ்டியரிங்கைத் தட்டியபடி கேட்டீர்கள்: "டீச்சர், நாப்பதத் தொட்டா வண்டி உதறுது. தாண்டிட்டா உதறல் நின்னுடுது. இன்னாங்க இது?"

என் பாடமே என்னைத் தேடி வந்த சந்தோஷம் எனக்கு. எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டு, வெளியிலிருந்து வரும் தள்ளல் அதோடு ஒத்துப்போனால் சின்ன ஆட்டமும் பெரிதாகும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி என்று விளக்கினேன். "அந்த வேகத்துல மட்டும் ஓட்டாதீங்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப மெக்கானிக்காண்ட காட்ட வேணாங்களா?"

"வேணாங்க."

நான் சொன்னது தப்பில்லை, பாதிதான் சொன்னேன். தள்ளுவது எது என்று யோசிக்கவேயில்லை. இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டில் மூட்டு தேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து, நீங்கள் தனியாக மலையிறங்கும்போது அது உடைந்து, கழன்ற தண்டு பிரேக் குழாயை அறுத்துவிட்டது. வண்டி வளைவில் நிற்கவில்லை.

சாவு வீட்டில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி உதறுதுன்னு உங்களாண்ட கேட்டாராமே, இன்னா சொன்னீங்க டீச்சர்?" என்றார்.

"எங்கிட்ட கேக்கலியே" என்றேன்.

அந்தப் பொய்யோடு நான்கு வருடம் ஓடிவிட்டது. இன்று பள்ளி விட்டதும் அடிவாரத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நிமிரவில்லை.

"தெரியும் டீச்சர். அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னாரு. டீச்சரே சொல்ட்டாங்க, பயமில்லன்னாரு." முறத்தைக் கீழே வைத்தார். "நீங்க என்னிக்கு வந்து சொல்வீங்கன்னு பாத்துனு இருந்தேன்."

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பதற்கு விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று கூசாமல் சொல்கிறேன். உங்களிடம் அதை ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம்.