மேற்கு ஓரத்தில் நான் வைத்த தீ

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்றைக்கும் ஒருவர் கேட்டுவிட்டார். வல்லம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கோடைக்கான பாதுகாப்புக் கூட்டம். மேலாளர் என் காக்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரகடத்துல காடு இருக்கா மேடம்? போர்டுதான் பாத்திருக்கேன்" என்றார். உங்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பாருங்கள் சார், தெரியும் என்றேன். முந்நூற்று நாற்பது ஹெக்டேர். காரை, கிளா, சூரைமுள், பழைய தைலமரம். புள்ளிமான், முயல், எண்ண முடியாத மயில். யானை இல்லை, புலி இல்லை என்றால் காடே இல்லையா? எனக்கு வாய்த்த மிருகம் குப்பை லாரி.

காட்டுக்குக் கிழக்கே அந்த மதில். மேற்கே தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் தகர ஷீட் அறைகளும் ஓர் ஆண்கள் விடுதியும். நடுவில் வனச்சரகர் என்ற பெயரில் நான், நான்கு காப்பாளர்கள், ஆறு தற்காலிகத் தீக்காவலர்கள். புல் இப்போதே இடுப்பளவு காய்ந்து நிற்கிறது.

பிப்ரவரி 27

தீ தாண்டாமலிருக்கப் புல்லைச் செதுக்கித் தடுப்புக்கோடு வெட்டி முடித்தோம். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சாம்பார் தொட்டுச் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 12, புதன்

எரிந்தது. இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. ஆனாலும் இப்போதே எழுத வேண்டும், நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

மதியம் ஒன்றேகாலுக்குப் புகை. எவனோ பேக்கிங் தெர்மாகோலை நடுக்காட்டில் கொட்டிக் கொளுத்தியிருக்கிறான். காற்று மேற்கிலிருந்து. தீ கிழக்கே மதிலை நோக்கி ஓடியது. தீயணைப்பு வண்டி, தொழிற்சாலையின் சொந்தக் குழாய், நாங்கள் எல்லோருமே மதில் பக்கம். பச்சைத் தழையால் அடித்து அடித்து முகம் வெந்துவிட்டது.

இரண்டரைக்கு டில்லிபாபு ஓடி வந்தான். தீக்காவலன், தினக்கூலி, வல்லத்துக்காரன். இந்தக் காட்டில் ஆடு மேய்த்தே வளர்ந்தவன்.

"மேடம், இங்க இன்னா பண்ணிகினு கீறோம்? ஷிப்டு வுடுற நேரத்துக்குக் கெழக்கால இருந்து கடல்காத்து வந்துடும். வந்துச்சின்னா இதே நெருப்பு அப்படியே திரும்பி நம்ம வெட்டுன கோட்டத் தாண்டி அந்த ரூமுங்க மேல வுழும்."

அறைக்கு ஒரு சிலிண்டர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பையன்கள். தீயணைப்பு வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிக் கொண்டுபோகப் பாதை இல்லை, ஜீப் மட்டும்தான் போகும். மேலதிகாரிக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.

மேற்கு ஓரத்துக்கு ஜீப்பை விரட்டினேன். தடுப்புக்கோட்டின் உள்பக்கம், டில்லிபாபு காட்டிய இடத்தில், பந்தத்தை நானே வைத்தேன். மேற்கிலிருந்து மேல்காற்று இன்னும் வீசியதால் நான் வைத்த தீ அறைகளை விட்டு விலகிக் காட்டுக்குள் போனது. பெரிய தீ திரும்பி வரும்போது அதற்குத் தின்ன அங்கே ஒரு புல்லும் மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. காற்று மாறிய பிறகு வைத்திருந்தால் நானே அறைகளைக் கொளுத்தியிருப்பேன். இரண்டு பர்லாங் வைத்துக்கொண்டே நடந்தேன்.

மூன்று மணி தாண்டியதும் கன்னத்தில் சில்லென்று ஒரு காற்று. தீ திரும்பியது. என்ன சத்தம், அம்மாடி! கருகிய பட்டை வரைக்கும் வந்தது, நின்றது. நின்றேவிட்டது! டில்லிபாபுவும் நானும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

ஓர் அறைகூடப் போகவில்லை.

மார்ச் 14, வெள்ளி

எல்லோர் போனிலும் நான்தான். இருபத்து மூன்று வினாடி வீடியோ, விடுதி மாடியிலிருந்து எடுத்தது. காக்கி முதுகு, பந்தம், பக்கத்தில் ஓர் ஆள். தூரத்தில் புகை கிழக்கே போகிறது. கீழே எழுதியிருக்கிறது: "தீ அந்தப் பக்கம். ரேஞ்சர் இந்தப் பக்கம் புதுசா வெக்கிறாங்க. காட்ட அழிச்சு யாருக்குக் குடுக்கப் போறாங்க?"

என் கணவர் ஹேமந்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து போனை நீட்டினார். "லைன்ல எல்லாரும் என்னையே பாக்குறாங்க ஜாஸ்மின்." பார்க்கட்டும். நான் எதையாவது ஒளித்தேனா?

மார்ச் 17

குறிப்பாணை வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம். காப்புக்காட்டில் தீ வைத்தல். எத்தனை பேர் மேல் இதே குற்றத்துக்கு வழக்கு எழுதியிருக்கிறேன்! முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வரவில்லை. பதினாறு வருஷ வேலை இது.

மார்ச் 19

மேலதிகாரி கூப்பிட்டார். காபி வரவழைத்தார். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"உங்க சர்வீஸ்ல ஒரு கறை கிடையாது ஜாஸ்மின். வீடியோல முகம் தெரியல. வாட்சர் தெரியாம வெச்சிட்டான்னு எழுதிக் குடுங்க, முடிஞ்சுது. டெம்பரரி ஆளு, அவனுக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உடனே முடியாது என்று சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம், எழுதிடலாமான்னு தோணிச்சு. சீ.

மார்ச் 20

விஷயம் டில்லிபாபு காதுக்கும் போயிருக்கிறது. ஜீப் அருகே வந்து நின்றான்.

"எம்பேரையே எழுதிக்கங்க மேடம். நான் எங்கனா கம்பெனி கேன்டீன்ல சேந்துக்குவேன். உங்களுக்கு வேல போச்சின்னா இந்தக் காட்ட எவன் பாப்பான்?"

"உன் பேரை நீ தூக்கிக் குடுப்பே, நான் வாங்க மாட்டேன். போய் வேலையைப் பாருய்யா!"

கத்திவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அறைகளைக் காப்பாற்றிய ஆள் அவன். காட்டைக் கொளுத்தியவன் என்று அவன் பெயரை நான் எழுதவா? போனால் என் வேலை போகட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே விடுதிக்குப் போனேன். வீடியோ எடுத்தவன் பெயர் இசக்கி. தென்காசிப் பக்கம், கான்ட்ராக்ட் தொழிலாளி. என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"யக்கா, நாந்தான் எடுத்தேன். போட்டுட்டுப் படுக்கப் போயிட்டேன். பொறவு பாத்தா தீ எங்க பக்கம் திரும்பிட்டு. எல்லாவனும் பைய எடுத்துட்டு ரோட்டுக்கு ஓடினோம். திரும்பி வந்தா நீங்க கரிஞ்ச எடத்துல நிக்கிய. அன்னைக்கே வீடியோவ அழிச்சிட்டேம்க்கா. அதுக்குள்ள ஊரே அனுப்பிட்டு, நான் என்ன செய்ய?"

ஓர் அறை விடலாம் போலத்தான் இருந்தது. "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கொடு" என்றேன். கம்பெனிக்குத் தெரிந்தால் என்று இழுத்தான். பிறகு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினான். அதை அவனே எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தான்.

மார்ச் 28

விளக்கம் கொடுத்தாயிற்று. முதல் வரி: தீயை வைத்தது நான், தெரிந்தே வைத்தேன். இசக்கியின் கடிதம் இணைப்பு. மேலதிகாரி படித்துவிட்டு, "சொன்னாக் கேக்க மாட்டீங்க" என்றார். மாட்டேன் சார்.

ஏப்ரல் 9, புதன்

வெளி மாவட்டத்து விசாரணை அதிகாரி காட்டுக்கே வந்தார். மணி இரண்டு. கேள்வி ஒன்றுதான்: "தீ கிழக்கே போச்சு. நீங்க மேற்கே வெச்சீங்க. எந்தப் புத்தகத்துல இருக்கு இது?"

"மூணு மணி வரைக்கும் இங்கேயே நில்லுங்க சார்."

வெயிலில் ஓர் அதிகாரியை ஒரு மணி நேரம் நிற்க வைத்தேன். கர்ச்சீப் நனைந்தது, முகம் சிவந்தது. மேல்காற்று பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது. இன்றைக்கென்று வராமல் போனால்? சாலையில் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. "வருது மேடம்" என்றான் டில்லிபாபு. வந்தது! அவர் கோப்பிலிருந்த தாள்கள் அத்தனையும் பறந்தன, மேற்கே, அறைகள் பக்கம். மூன்று பேரும் ஓடி ஓடிப் பொறுக்கினோம். அவர் வாட்சைப் பார்த்து மணியைக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

ஜூன் 3

ஒரு தகவலும் இல்லை. மழைக்கு முன் நாற்று வர வேண்டும், அதுவும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒரே தபாலில் இரண்டு உறை.

முதலாவது எனக்கு. முன் அனுமதி பெறாமல் தீ வைத்ததற்காகக் கண்டனம், ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். வேலை இருக்கிறது. தண்டனையில் என் பெயர் மட்டும்தான். பெற்றுக்கொண்டேன் என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது, கடலோர மாவட்டச் சரகங்கள் அனைத்துக்கும் சுற்றறிக்கை. நான் வைத்தது மாதிரி எதிர்த்தீ வைக்குமுன் கடல்காற்று வரும் நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமாம். பணியாளர்களுக்குச் செப்டம்பரில் பயிற்சி. எங்கள் சரகத்திலிருந்து பயிற்சியாளர் ஒருவரின் பெயரை உடனே அனுப்பவும். அடப்பாவிகளா!

பெயரை எழுதி எங்கள் அலுவலகத் தட்டச்சர் மஞ்சுளாவிடம் கொடுத்தேன். தட்டச்சு செய்யப் போனவள் தயங்கினாள்.

"மேடம், இதுல அதிகாரிங்க பேருதான் போடுவாங்க. டில்லிபாபு டெம்பரரியாச்சே... திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். மறுபடியும் அதே பேர்தான் போகும். அடி."

அடித்தாள்.