ஒன்பது வயதில் வாங்கிய கார்டு

அம்மா,

வேன் வாங்கக் கடன் கேட்டேன், தரவில்லை. என் பேரில் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறதாம். பல மாதமாகத் தவணை கட்டவில்லையாம். நான் கார்டே வாங்கியதில்லை. முதலாளி வெர்னன், "வீட்டு ஹீட்டர் ரிப்பேருக்கு பஸ்ஸுலயாடா போவே?" என்கிறார்.

வங்கிக்குப் போன் செய்தேன். கார்டின் விலாசம் டொலீடோவில் நம் வீடு. பேசிய பெண்மணி, "போலீஸ்ல புகார் குடுங்க தம்பி. யார் வாங்கினாங்கன்னு பேர் எழுதிட்டா, கடன் உங்க தலையிலேர்ந்து இறங்கிடும்" என்றார்.

பழைய கணக்கை வரவழைத்துப் பார்த்தேன். முதல் செலவு ஜனவரிக் குளிரில், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டருக்கான கேஸ் பில். அடுத்தது சிறுவர் பனி பூட்ஸ். அதற்கு மேல் படிக்கவில்லை.

மறுபடி போன் செய்து, கார்டு வாங்கியது நான்தான் என்றேன்.

"கார்டு வாங்கினப்போ உங்களுக்கு ஒம்பது வயசுதாங்க."

"ஆமாங்க, சின்ன வயசுலயே கெட்டுப்போயிட்டேன்."

சிரித்துவிட்டார். கணக்கை மூடி, வட்டியைக் குறைத்து, ஐந்து வருடத் தவணை போட்டுக் கொடுத்தார். அதுவரை எனக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். வெர்னனின் பழைய வேனை வாடகைக்கு ஓட்டுகிறேன்.

நீ செய்தது குற்றம். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது. கார்டை வெட்டி இரண்டு துண்டையும் அனுப்பு. தங்கச்சி பேரிலும் ஏதாவது வாங்கியிருந்தால் இப்போதே சொல்லிவிடு.

நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வருகிறேன். வான்கோழி நான் வாங்கி வருகிறேன், ரொக்கத்தில். வீட்டு ஹீட்டர் சத்தம் போடுகிறது என்றாயே, வெளியாள் யாரையும் கூப்பிடாதே. நான் வந்து பார்க்கிறேன்.

உன் மூத்த பையன்