நண்டுக் கொட்டகை வாசலில் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை

மாவட்டத் திட்ட அறிக்கைக்காக இன்று கடற்கரை ஊரான கட்டுமாவடி போயிருந்தேன். உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்து வெளிநாட்டு ஆர்டர் நின்றதிலிருந்து, நண்டுச் சதை எடுக்கும் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அங்கே வேலை பார்த்த பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். ஏற்றுமதிக்கு இன்னும் பெரிய கூடம் கட்டப்போகிறோம் என்று அறிக்கையின் வரைவை அவர்களுக்கு வாசித்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

ஜுலைகா பீவி என்ற அம்மாள் எழுந்தார். விரலெல்லாம் நண்டு ஓடு கிழித்த தழும்பு.

"அங்கிட்டு ஒருத்தன் திங்கிறதை நிறுத்துனா இங்கிட்டு எங்க அடுப்பு அணைஞ்சு போகுது சார். கூடம் பெருசானா இன்னும் நெறைய அடுப்புதானே அணையும்?"

"வேற என்னம்மா செய்யலாம்?" என்றேன்.

"ஐஸ் ரூம் ஒன்னு போட்டுக் குடுங்க. கறம்பக்குடி, பொன்னமராவதின்னு நம்ம சந்தைக்கே அனுப்புறோம். நம்ம சனம் திங்கிறதை நிறுத்தாதுல்ல?"

இத்தனை வருஷம் அறிக்கை எழுதியிருக்கிறேன். என்ன செய்யலாம் என்று அங்கே வேலை பார்ப்பவர்களிடம் இன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

சாயங்காலம் என் மேலதிகாரியிடம் சொன்னேன். "மேல ஏற்றுமதிதான் கேக்குறாங்க, மாத்தாதீங்க" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கூடத்துக்குப் பதில் ஐஸ் ரூம் என்று முதல் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். நாளை கையெழுத்துக்கு வைக்கிறேன். திருப்பிக் கொடுத்தால் அந்த அம்மாளையே அழைத்துவந்து அதிகாரி எதிரில் உட்காரவைப்பேன்.

இந்தத் தைரியம் காலை வரை இருக்க வேண்டும்.