பழைய எண்ணுக்கு ஒரு செய்தி

ஜூன் 3, செவ்வாய்

குளிர்சாதனப் பெட்டி காலையில் நான்கு டிகிரி, சாயங்காலம் ஐந்து. குழந்தைகள் இருமல் மருந்து தீர்ந்துவிட்டது. கடை நோட்டில் எழுதியதையே வீட்டுக்கு வந்து இங்கேயும் எழுதுகிறேன். இந்த ஊருக்கு வந்து நாலு மாதம். எழுத இதைவிடப் பெரிய சங்கதி இல்லை என்பதே பெரிய நிம்மதி.

முதலாளி இன்று மறுபடியும் கேட்டார். மருந்தாளுநரின் சான்றிதழ், போட்டோவோடும் கடை முகவரியோடும், சுவரில் தொங்க வேண்டும் என்பது சட்டம். என்னுடையதில் இன்னும் பழைய ஊர்தான் இருக்கிறது. "ஆய்வுக்கு வந்தாங்கன்னா கடைக்கு சீல் வெச்சிடுவாங்கம்மா. உனக்காகத்தான் இத்தனை நாள் சமாளிச்சேன்" என்றார். நல்ல மனிதர். அவர் பிழைப்பில் மண்ணைப் போடக் கூடாது. மருந்தாளுநர் பதிவகத்தின் இணையதளத்தில் போய்ப் பணியிடத்தை மாற்றினேன். உங்கள் விவரங்கள் எங்களிடம் பாதுகாப்பாக உள்ளன என்று பச்சை எழுத்தில் வந்தது.

என் மகள் வாண்டுக்கு முன்பல் ஆடுகிறது. சாப்பாட்டைவிட அதைத்தான் அதிகம் மெல்லுகிறாள்.

ஜூன் 5, வியாழன்

கடை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

அவர்.

"நல்லா இருக்கியா? வாண்டுக்குப் பல்லு விழுற வயசாச்சே" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாத நாட்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை வரேன். உனக்குப் புத்தி சொல்லி ரொம்ப நாளாச்சு."

அவர் புத்தி சொன்னதில் என் இடது காது போனது. இன்றைக்கும் அந்தப் பக்கம் நின்று யாராவது மருந்து கேட்டால் திரும்பித்தான் கேட்கிறேன்.

போனை வைத்ததும் அடுத்த மருந்துச் சீட்டை வாங்கினேன். ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டேன். முதலாளி பார்த்து மாற்றிக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு தவறு செய்ததில்லை.

எப்படித் தெரிந்தது? அக்காவிடம்கூட ஊர்ப் பேரைச் சொல்லவில்லையே. யார் சொன்னது?

ஜூன் 6, வெள்ளி

யாரும் சொல்லவில்லை. பதிவகம் சொல்லியிருக்கிறது.

போன் செய்தேன். ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மா பேசினார். வார்த்தைக்கு வார்த்தை மூக்கை உறிஞ்சினார். விவரம் எதை மாற்றினாலும் பதிவில் இருக்கும் எண்ணுக்குத் தானாக ஒரு செய்தி போகுமாம், மாற்றிய முகவரியோடு. "வேற யாரும் உங்க பேர்ல மாத்திடக் கூடாது பாருங்க. உங்க பாதுகாப்புக்காகத்தான் மேடம்."

எந்த எண் என்று கேட்டேன். கடைசி நாலு இலக்கம் படித்தார். என் கணவருடைய எண்.

நான் கல்யாணமான புதிதில் பதிவு செய்தேன். விண்ணப்பத்தைக் கையிலிருந்து வாங்கி அவரே நிரப்பினார். "உனக்கு இதெல்லாம் புரியாது, கொண்டா" என்றார். என் படிப்பு, என் விண்ணப்பம். ஆனாலும் எவ்வளவு பொறுப்பான மனுஷர் என்று உச்சி குளிர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாரம் நிரப்புவதென்றால் அவருக்கு அல்வா. முத்து முத்தான கையெழுத்து. கீழே பொடி எழுத்தில் இருப்பதை மட்டும் படிக்கவே மாட்டார், அது மற்றவர்களுக்காம்.

தொலைபேசி எண் என்ற இடத்தில் அவர் எண்ணை எழுதியதை நான் பார்த்தேனா? பார்த்திருப்பேன். அப்போது அது தப்பாகத் தோன்றியிருக்காது.

ஜூன் 7, சனி

கிளம்புகிறோம். முதலாளியின் தங்கை வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாராம். எங்களைப் பேருந்தில் ஏற்றிவிடவும் முதலாளியே ஆள் அனுப்பினார். சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாண்டு பள்ளிக்கூடப் பையை மட்டும் விட மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

முதலாளி போன் செய்தார். சொன்னபடியே என் கணவர் நேற்று கடைக்கு வந்திருக்கிறார். மரியாதையாகப் பேசி, எங்கே போனாள் என்று கேட்டு, தெரியாது என்றதும் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். இன்று காலை கடையைத் திறக்கப் போனால் முன்பக்கக் கண்ணாடி முழுக்கத் தரையில் கிடக்கிறது. மருந்து எதுவும் போகவில்லை. கண்ணாடி மட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மேலே அவனை "அவர்", "என்றார்" என்றுதான் எழுதியிருக்கிறேன். கைப்பழக்கம். போதும்.

ஜூன் 12, வியாழன்

காவல் நிலையம். நாற்காலியில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். காதுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா? இல்லை, அவன் போக விட்டால்தானே. கண்ணாடியை உடைத்ததைப் பார்த்தவர் உண்டா? இல்லை. போனில் மிரட்டினானா? புத்தி சொல்கிறேன் என்றான். அவர் பேனாவை மூடிவிட்டார். "புருஷன் பொண்டாட்டியைத் தேடுறதைக் குத்தம்னு எப்படிம்மா எழுதுறது?"

வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். எல்லாம் நடந்தது. ஆனால் காகிதத்தில் எதுவுமே நடக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

புது ஊர். முதலாளியின் தங்கையை எல்லோரும் கடை அக்கா என்கிறார்கள், நானும். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்.

எனக்கோ இந்தக் கடையைப் பதிவில் சேர்க்கும்வரை மருந்து கொடுக்கும் உரிமை இல்லை. பணியிடம் மாறினால் ஒரு மாதத்துக்குள் பதிவகத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் இணையதளத்தில் ஏறும். என் பெயரைத் தட்டுகிற எவனுக்கும் கடை முகவரி கிடைக்கும். சொல்லாவிட்டால் பதிவு முடங்கும், வேலை இல்லை. கெடு ஜூலை ஏழு. இந்தப் பக்கம் போனால் அவன், அந்தப் பக்கம் போனால் பட்டினி.

பதிவகத்தில் தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறாராம். மூன்று நாள் முயன்று பிடித்தேன். என் பெயரை வெளியே காட்டாமல் மறைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆபத்து இருப்பதற்குக் காவல் துறையோ நீதிமன்றமோ கொடுத்த ஆதாரம் வேண்டும் என்றார். அது கிடைக்கவில்லை என்றேன். அப்படியானால் முடியாது என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி கொள்கையைப் படித்தார். கிளிப்பிள்ளை தோற்றது. கடைசியில், "உங்க தகவல் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்மா" என்றார்.

அது உன்கிட்ட பத்திரமா இருந்து என்னய்யா பிரயோஜனம்? நான் பத்திரமா இல்லையே!

ஜூன் 18, புதன்

வாண்டின் பல் விழுந்தது. கையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். எது என்றேன். பல் விழும் என்று. அவன் போனில் பேசியதை நான் முதலாளியிடம் சொல்லும்போது கேட்டிருக்கிறாள்.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். எல்லாப் பிள்ளைகளும் நோட்டு அட்டையில் பெயர், வகுப்பு, முகவரி எழுதிவிட்டார்களாம். வாண்டு முகவரி என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். எழுதச் சொன்னால், "எங்களுக்கு வீடு இல்ல மிஸ்" என்றாளாம்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வீடு எங்கே என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல். ஆறு வயதுக்கு அது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது.

டீச்சரிடம் வீடு மாறிக்கொண்டிருக்கிறோம் என்று மழுப்பிவிட்டு வந்தேன். வழியெல்லாம் வாண்டு என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, சரியாகத்தானே சொன்னேன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஜூன் 28, சனி

முடியவில்லை.

கடை அக்கா ஒன்றும் கேட்பதில்லை. நான் அட்டைப்பெட்டி பிரிக்கிறேன், அலமாரி துடைக்கிறேன், மருந்துச் சீட்டு வந்தால் ஒதுங்கி நிற்கிறேன். இன்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஒன்றோடொன்று சேரக் கூடாத இரண்டு மருந்தை வாங்கிப் போகப் பார்த்தாள். வாயைக் கட்ட முடியாமல் சொல்லிவிட்டேன். "நீங்க யாரு சொல்றதுக்கு?" என்றாள். நியாயமான கேள்வி.

பெயரையே எடுத்துவிடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பட்டியலில் இல்லாதவளை எப்படித் தேடுவான்? படித்த படிப்பு போகட்டும். உயிர் இருந்தால் அட்டைப்பெட்டி பிரித்தாவது பிழைக்கலாம். பிழைக்கலாம்தானே?

ஜூலை 1, செவ்வாய்

பதிவகத்தில் போன் எடுத்தது ஜலதோஷ அம்மா. பெயரை நீக்குங்கள் என்றேன். மூக்கை உறிஞ்சுவது நின்றது. நீக்கியவர்கள் பட்டியலும் வெளியாகும், கடைசி முகவரியோடு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. எனக்கும்தான். பதிவில் சேர்வது சுலபம் போல. செத்தாலும் முகவரியோடுதான் விடுவார்கள்.

"அன்னைக்கு அந்த நம்பரைப் படிச்சது நான்தான் மேடம். அதுக்கப்புறம் எனக்கே மனசு சரியில்ல" என்றார். கொஞ்ச நேரம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, நிலையான கடை இல்லாமல், விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாகக் கடை கடையாகப் போய் வேலை பார்க்கும் மாற்று மருந்தாளுநர்களுக்கு ஒரு விதி உண்டு என்றார். அவர்களுடைய முகவரி என்ற இடத்தில் பதிவகத்தின் முகவரியையே போடலாம். ஆனால் உண்மையாகவே இரண்டு கடையிலாவது வேலை பார்க்க வேண்டும். பொய் சொன்னால் பதிவே போகும். எண்ணை மாற்ற நேரில் வந்தால் பழைய எண்ணுக்குச் செய்தி போகாமல் அவரே பார்த்துக்கொள்வார்.

கடை அக்காவிடம் சொன்னேன். "எங்க சித்தப்பா கடை அடுத்த தெருவுலதான். வாரத்துல ரெண்டு நாள் அங்க போ. அந்த ஆளுக்கும் ஓய்வு வேணும், ஒத்துக்கத்தான் மாட்டாரு" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

பதிவகத்துக்குப் போய் வந்தேன். ஜலதோஷ அம்மா நான் நினைத்ததைவிடச் சின்னவர், என்னைவிடக்கூட. எண்ணை மாற்றினார். முகவரியை மாற்றினார். திரையை என் பக்கம் திருப்பி, என் பெயருக்குக் கீழே அவர் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தின் முகவரியைக் காட்டினார். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால்.

அவருக்கு ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஜலதோஷம் இல்லை அது, பழைய கோப்புத் தூசி.

திரும்பும் பேருந்தில் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

குளிர்சாதனப் பெட்டி நான்கு டிகிரி. மருந்து கொடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

அவன் பதிவகத்துக்குப் போயிருக்கிறான்.

இணையதளத்தில் அந்த முகவரியைப் பார்த்து, நான் அங்கேயே வேலை பார்க்கிறேன் என்று நினைத்தானாம். மத்தியானம் வரை கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து வருகிற பெண்களையெல்லாம் பார்த்திருக்கிறான். அந்த அம்மாதான் போனில் சொன்னார். எனக்காக அவர் அடிபட வேண்டுமா? நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாண்டு கண்ணில் பட்டாள். விழுங்கிக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். உறுப்பினர் விவரம் வேணும்னா எழுதிக் கேக்கணும்னு பாரத்தைக் கொடுத்தேன். பேனா இருக்கான்னு கேட்டு வாங்கி உக்காந்து எழுதினாரு. ரெண்டு பக்கம்."

அவனிடம் யாராவது பாரம் நீட்டினால் எழுதாமல் இருப்பானா?

ஜூலை 18, வெள்ளி

அவன் எழுதிய பாரத்தின் நகல் தபாலில் வந்தது. ஒருவரின் விவரத்தை யார் கேட்டாலும், கேட்டவரின் விண்ணப்பம் அந்த உறுப்பினருக்கு அனுப்பப்படும் என்று அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அவன் அதைப் படித்திருக்க மாட்டான்.

பெயர், முகவரி, எண், கையொப்பம், அடையாள அட்டையின் நகல். ஒன்று விடாமல் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் அதே முத்து முத்தான எழுத்தில்:

"என் மனைவி. என் அனுமதி இல்லாமல் குழந்தையுடன் போய்விட்டாள். முன்பு பல முறை அடித்துப் புத்தி சொல்லியும் திருந்தவில்லை. பழைய கடைக்காரர் உண்மையை மறைத்ததால் அவர் கடைக் கண்ணாடியை உடைக்க வேண்டியதாயிற்று. இங்கேயும் அப்படி ஆகாமல் இருக்க உடனே முகவரி தரவும்."

மூன்று முறை படித்தேன். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவ்வளவு நிச்சயம் அவனுக்கு. எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு நாலாவது முறை படித்தேன்.

ஜூலை 21, திங்கள்

அதே காவல் நிலையம், அதே நாற்காலிக்காரர். படித்தார். பேனாவைத் திறந்தார்.

கிளிப்பிள்ளை அதிகாரியும் போன் செய்தார். அவர் கட்டடத்துக்கும் கண்ணாடி இருக்கிறதல்லவா? இத்தனை நாளும் என்னிடம் கிடைக்காத ஆதாரம் அவர் மேசைக்கு வந்ததும் ஆதாரமாகிவிட்டது. என் பெயரையே வெளியே தெரியாமல் மறைத்துவிட்டார்களாம். நன்றி சொன்னேன். வேறு நாலு வார்த்தையும் வாயில் இருந்தது, சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அவன் எங்கள் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. காகிதம்தான். காகிதம் கையைப் பிடித்து நிறுத்தாது என்று எனக்குத் தெரியும். கடை போன் அடித்தால் இன்றும் நான் எடுப்பதில்லை. கடை அக்காதான் எடுக்கிறார்.

சாயங்காலம் வாண்டு புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். விழுந்த பல்லுக்குப் பதில் புதுப் பல் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. பெயர் எழுதினாள், வகுப்பு எழுதினாள். பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, எழுதட்டுமா?"

எழுது என்றேன். கதவு எண், தெரு, ஊர், ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல எழுதினாள். தெருப் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். ரப்பரை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று அந்த எழுத்தை மேலே சின்னதாகச் செருகிவிட்டு, காயட்டும் என்று நோட்டைத் தெருப்பக்க ஜன்னலில் வைத்தாள். பென்சில் எழுத்து காய வேண்டியதில்லை. நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை.