நதாலியா நாளில் போட்ட கையெழுத்து

அக்டோபர் 3, ஸ்தெலா நாள்

ஏழாம் நம்பர் வண்டிக்கு இன்று உயிர் வந்தது. கவசத் தகடு போட்ட ஆம்புலன்ஸ். போர்முனையில் அடிபட்டவர்களை ஏற்றி வருவது. உக்ரைனிலிருந்து, எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள எங்கள் அரசுப் பட்டறைக்கு வந்தபோது வயரிங் முழுக்கக் கரிக்கட்டை. ஐந்து வாரம் மல்லாந்து படுத்து, ஒருத்தியாகவே புது வயர் இழுத்தேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது பாருங்கள், முதுகுவலி எல்லாம் பறந்துவிட்டது.

ஒஸ்தாப் கைதட்டினான். போருக்கு முன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன், நாற்பத்து நான்கு வயது. இப்போது இந்த வண்டிக்கு டிரைவர். இதைத் திரும்ப எடுத்துப் போக எல்லை தாண்டி வந்து, பதினோரு நாளாக விடுதியில் காத்திருக்கிறான்.

"அக்கா, நதால்கா கேட்டா குதிப்பா," என்றான்.

நதால்கா அவன் வண்டியில் முதலுதவி பார்ப்பவள். வண்டி இங்கே கிடப்பதால் யாரோ கொடுத்த ரொட்டிக்கடை வேனில் ஆட்களை ஏற்றுகிறாளாம். வெறும் தகரம். கல்லெறிந்தாலே ஓட்டை விழும்.

ஒரே பாக்கி, அடிபட்டவர்கள் படுக்கும் பின்னறைக்கு ஹீட்டர். அது திங்கட்கிழமைதான் வருமாம்.

அக்டோபர் 4, ஃப்ரான்டிஷெக் நாள்

எங்கள் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஆள் பெயர் உண்டு, அந்தப் பெயர்க்காரருக்கு அன்று பிறந்தநாள் மாதிரி. நாளை மறுநாள் நதாலியா நாள், நதால்காவின் முழுப்பெயருக்கு உரிய நாள் என்று வெல்டர் வெந்தெலின் காலண்டரைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தான். அப்போதிலிருந்து ஒஸ்தாப் என் பின்னாலேயே சுற்றுகிறான்.

அக்டோபர் 6, நதாலியா நாள்

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததென்று ஏட்டில் எந்தத் தேதியில் கையெழுத்து விழுகிறதோ, காலண்டரில் அந்த நாளுக்குரிய பெயரை வண்டியின் பின்கதவுக்கு உள்பக்கம் எழுதி அனுப்புவோம். ஒரு தெரேசியா போயிருக்கிறாள், இரண்டு லூக்காஷ், ஒரு கிளாரா. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. வெறும் நம்பரை விடப் பெயர் நல்லது, அவ்வளவுதான்.

"அக்கா, அவ பேரே இருக்கட்டுமே. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தானே வரும்?"

"ஹீட்டர் போடலையேப்பா."

"திங்கக்கிழமை போட்டுக்கலாம். கையெழுத்து மட்டும் இன்னிக்குப் போடுங்க."

வெந்தெலின் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "போடேன் யோலானா, உன் கையென்ன தேஞ்சா போயிடும்?" என்றான். அவன் தூரிகையை வேறு எடுத்துவிட்டான்.

போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் முடியாத வேலைக்குக் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை. வெந்தெலின் வெள்ளைப் பெயிண்டில் கொஞ்சம் பூவேலை கூடச் செய்து எழுதினான். ஒஸ்தாப் படம் பிடித்து அனுப்பினான். சாயங்காலம் அவளிடமிருந்து பதில்: "ரொம்ப அழகா இருக்கேன். எனக்குள்ள ஹீட்டர் இருக்கா?"

பட்டறையே சிரித்தது.

அக்டோபர் 9, தியோனீஸ் நாள்

தலைநகரிலிருந்து உத்தரவு. உதவியை நிறுத்துவோம் என்றவர்கள் தேர்தலில் ஜெயித்ததிலிருந்து எதிர்பார்த்ததுதான். ஆனால் இப்படி என்று எதிர்பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் கொர்னெல் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தார். பக்கத்து நாட்டுக்கான ராணுவ உதவி இன்றோடு நிறுத்தம். பழுதுபார்ப்பு முடியாத வண்டிகளை இருக்கிற நிலையிலேயே உரியவர்களிடம் திருப்பிவிட வேண்டும். முடிந்த வண்டிகளில் நம் அரசின் பொருளும் உழைப்பும் சேர்ந்துவிட்டதால் அவை 'உதவி'க் கணக்கில் வரும். அவை வெளியே போகக் கூடாது.

முற்றத்தில் நான்கு வண்டிகள். மூன்று முடியாதவை. ஒன்றுக்கு எஞ்சினே இல்லை. அவை மூன்றும் நாளைக்கு எல்லைக்குப் போகும். ஓடுகிற ஒரே வண்டி இங்கேயே நிற்கும், ஏனென்றால் அதற்குக் கையெழுத்து இருக்கிறது.

கொர்னெல் தாளை மடித்தபடி என்னிடம் வந்தார். "ஹீட்டர் வரல, ஹீட்டர் வரலன்னு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் என் தலையைத் தின்னியேம்மா. அப்புறம் எதுக்குப் போட்ட?"

"நதாலியா நாள், மாஸ்டர்."

கதவில் பெயர் எழுதும் பெயிண்ட் டப்பாவை வருஷா வருஷம் வாங்கி வைப்பவரே அவர்தான்.

அக்டோபர் 10, ஸ்லாவோமீரா நாள்

மூன்று ஓட்டை வண்டிகளையும் லாரியில் ஏற்றி அனுப்பினோம். ஒஸ்தாப் வாசலில் நின்று பார்த்தான். என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

அக்டோபர் 13, கொலொமான் நாள்

கடிதம் எழுதினேன். வேலை முடியவில்லை, முடிந்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டேன், குற்றம் என்னுடையது, வண்டியை முடியாதவற்றில் சேருங்கள் என்று. கொர்னெல் இரண்டு முறை படித்தார். "வேலை போயிடும், தெரியுமில்ல?" என்றார். போகட்டும் என்றேன். முத்திரை குத்தி அனுப்பினார்.

இன்று கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. ஒஸ்தாப்பிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

அக்டோபர் 20, வெந்தெலின் நாள்

வெந்தெலின் தன் பெயர் நாளுக்கு கேக்கும் பிளம் சாராயமும் கொண்டுவந்திருந்தான். அதோடு சேர்ந்து தலைநகரிலிருந்து பதிலும் வந்தது.

கையெழுத்து உண்மையென்றால் வண்டி போகக் கூடாது. பொய்யென்றால் விசாரணை நடக்கும். விசாரணை முடியும்வரை வண்டி தடயப் பொருள். தடயப் பொருளும் போகக் கூடாது.

"ஆக, நீ பொய் சொன்னாலும் நிக்குது, உண்மை சொன்னாலும் நிக்குது. வண்டியாடி செஞ்ச நீ? சிலை செஞ்சிருக்க," என்றான் வெந்தெலின். யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான். கேக் அப்படியே இருக்கிறது.

மூன்று மணிக்கு அரசாங்க ஆட்கள் வந்து வண்டியின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒஸ்தாப் ஓட்டிக்கொண்டு ஓடிவிடுவானோ என்று பயமாம். ஓடியிருப்பான். நான்தான் கேட்டைத் திறந்துவிட்டிருப்பேன்.

அக்டோபர் 24, க்வெதொஸ்லாவா நாள்

ஒஸ்தாப் பஸ் ஏறினான். இருபது நிமிஷத்தில் எல்லை. வீட்டிலிருந்த கம்பளிகள் ஆறையும் கட்டிக் கொடுத்தேன்.

"வேன்ல குளிரும். படுத்திருக்கறவங்களுக்குப் போர்த்துங்க."

"சரிக்கா. வண்டிக்கு பதிலா போர்வை வந்திருக்குன்னு நதால்காகிட்ட சொல்றேன்." குத்திக்காட்டத்தான் சொன்னானா, வேடிக்கையாகவா? முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 5, இம்ரிக் நாள்

என் வீட்டுக்காரர் பெயர் நாள். ஹலுஷ்கி செய்தேன், உருளைக்கிழங்கு மாவு உருண்டையில் பாலாடைக்கட்டி நிறையப் போட்டு. சாப்பிட்டு முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு இன்னும் எத்தன நாளைக்குக் கேப்ப? யுத்தம் நம்ம வாசலுக்கு வரக் கூடாதுன்னு போட்டேன். அதுல என்ன தப்பு?"

"யுத்தம் ஆரம்பிச்ச முதல் மாசம் எல்லையில நின்னு, தப்பி வந்தவங்களுக்கெல்லாம் சூப் ஊத்தினது நீதானே, இம்ரிக்?"

"சூப் வேற, பீரங்கி வேற."

"அது ஆம்புலன்ஸ்யா!"

"ராணுவப் பச்சைதானே அடிச்சிருக்கு?"

இவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனை. அந்தக் குளிரில் விரல் வெடித்து ரத்தம் வரும்வரை சூப் ஊற்றினார். கடைசிவரை உங்களோடு நிற்போம் என்று நகராட்சிக் கட்டடத்தில் துணி கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோருமே அதைச் சொன்னோம், மனசாரத்தான் சொன்னோம். கடைசி இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

நவம்பர் 11, மார்ட்டின் நாள்

ஒஸ்தாப்பிடமிருந்து செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பாலத்துகிட்ட வேன் மேல குண்டு விழுந்துச்சு. நதால்கா போயிட்டா. பின்னாடி படுத்திருந்த மூணு பேரும். நான்தான் ஓட்டினேன். எனக்கு ஒண்ணுமில்லக்கா."

நவம்பர் 12

கொன்னது குண்டு. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வெந்தெலின் சொல்றான், இம்ரிக் கூடச் சொல்லிட்டாரு. உத்தரவு போட்டவன் ஒருத்தன், குண்டு போட்டவன் ஒருத்தன், நீ யாரு இதுலன்னு. நான் யாருன்னு ஏட்டுல இருக்கே! என் கையெழுத்து, என் தேதி. மூணு நாள் பொறுத்திருந்தா அந்தத் தகடு அவளுக்கும் குண்டுக்கும் நடுவுல இருந்திருக்கும். என்ன அவசரம் எனக்கு? ஒரு பேருக்காகவா—

நவம்பர் 28, ஹென்ரியேதா நாள்

வண்டி பற்றி முடிவு வந்துவிட்டது. விசாரணை கைவிடப்பட்டது, என் கையெழுத்து உண்மை என்றே வைத்துக்கொள்வார்களாம். வேலை போகவில்லை. வண்டி இனி நம் நாட்டு மீட்புப் படைக்கு, கண்காட்சிகளில் நிறுத்த.

ஒஸ்தாப்புக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

டிசம்பர் 4, பார்பொரா நாள்

நாளை மறுநாள் மிகுலாஷ் திருநாளன்று சதுக்கத்தில் வண்டியை நிறுத்தி, மிகுலாஷ் தாத்தா வேஷத்தில் அதற்குள்ளே உட்கார்ந்து குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கப் போகிறார்களாம். கொர்னெல் சொல்ல முடியாமல் சொன்னார்: "கதவு திறந்தே இருக்கும். உள்பக்கம் எழுதினதை அழிச்சிடணுமாம்."

நான் வெளியே போய்விட்டேன். வெந்தெலின்தான் பெயிண்ட் அடித்தான். புதுப் பச்சை பழைய பச்சையோடு ஒட்டவில்லை. உற்றுப் பார்த்தால் எழுத்தின் மேடு தெரிகிறது. ஒரே பூச்சோடு நிறுத்திவிட்டான்.

டிசம்பர் 5, ஒத்தோ நாள்

காலையில் கொர்னெல் ஒரு அட்டைப் பெட்டியை என் மேஜையில் வைத்தார். பின்னறை ஹீட்டர். அக்டோபரில் கேட்டது. நாளைக்குக் கடுங்குளிராம், உள்ளே ஏறும் குழந்தைகளுக்குச் சளி பிடிக்குமாம். அதனால் உடனே வாங்கி அனுப்பிவிட்டார்கள்.

வண்டிக்குள் ஏறி மாட்டினேன். மூன்று மணி நேர வேலை. பேட்டரியும் திரும்ப வந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் வெதுவெதுவென்று காற்று வந்தது. ஸ்ட்ரெச்சர் வைக்கும் பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாகவே சூடாகிறது. கால் விரல் வரைக்கும்.

இறங்கி வந்து பழக்கத்தில் ஏட்டை எடுத்தேன். ஏழாம் நம்பருக்கு நேரே எழுத இடமில்லை. வேலை அக்டோபர் ஆறாம் தேதியே முடிந்துவிட்டது என்று என் கையெழுத்து இருக்கிறது.