டீச்சரம்மா கேட்டுக்கு வந்த சாயங்காலம்

லூபோக் சீனா,
8-2-1953

என் மகள் மீனம்மாவுக்கு அம்மா எழுதுவது. கை கால் சுகத்தோடு இருக்கிறேன். அந்தக் குளிர் ஊரில் நீ நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலை முடிந்து தூங்கவும் நேரம் கிடைத்து நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளை நினைத்துக்கொண்டுதான் தாளை எடுத்தேன். நீ போட்ட கடிதம் மூன்றும் வந்தன. மூன்றிலும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறாய், டீச்சரம்மா ஏன் பதில் போடவில்லை, என் மேல் கோபமா என்று. கோபம் இல்லை மகளே. டீச்சரம்மா போன நவம்பர் மாதமே செத்துப்போய்விட்டார். உன் பரீட்சை முடியட்டும் என்று மறைத்தேன் என்று சொல்லலாம், அது பாதிதான் உண்மை. மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று ரப்பர் பால்வெட்டு இல்லை, லயத்து வீடுகளில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இதைத் தோட்டத்து ஆபீசில் கொடுக்க மாட்டேன், கணக்கெழுதுகிற கிராணி பிரித்துப் படிக்கிறான். மஸ்ஜித் தானாவில் கடை வைத்திருக்கும் நைனா முகம்மது பாய் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். ஜப்பான்காரன் காலத்தில்தான் அவர் நம் லயத்துக்கு வந்தார். பல்கேரியா என்று ஒரு தேசம் இருப்பதே அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். சிங்கப்பூர் ஹோட்டலில் வயலின் வாசிக்க வந்த புருஷனோடு கப்பல் ஏறியவர், பெற்ற மகளைத் தன் தாயிடம் விட்டு, இரண்டு வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். திரும்பவே இல்லை. புருஷன் செத்த பிறகு மலாக்காவில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர், சண்டையில் பியானோவும் போய், படிக்கிற பிள்ளைகளும் போய், மரவள்ளிக்கிழங்கு கேட்டு நம் வாசலில் நின்றார். உன் அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஒரு மாதம். உள்ளே வாங்க என்றேன், இரண்டு வருஷம் இருந்தார். யாரும் பாஸ் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. அப்பா இனி வரமாட்டார் என்று ஆள் வந்து சொன்ன அன்று எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள், அவர் மட்டும் என் தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்து வாரிக்கொண்டே இருந்தார். மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துத் தாளம் தட்டித்தான் உனக்கு முதல் பாடம். "வயித்துல கை வை, மூச்ச இழு, பாட்டு அப்புறம்லா" என்று அவர் போடும் சத்தம் தண்ணீர்க் குழாய் வரை கேட்கும். தமிழை நம்மிடம் கற்றதால் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாது. பெரிய கிராணியைப் பார்த்து, "டேய் தம்பி, நீ சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டார். லயமே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார், கிராணி மட்டும் ஒரு வாரம் சிரிக்கவில்லை. சண்டை முடிந்து பாயா ரும்புட்டில் வீடு எடுத்த பிறகும் சனிக்கிழமை தோறும் உன்னை வரவழைத்துப் பாட்டும் இங்கிலீசும் சொல்லிக்கொடுத்து, டவுன் பள்ளிக்கூடத்தில் தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். பால்வெட்டுக்காரி மகள் நர்ஸ் படிக்கச் சீமைக்குக் கப்பல் ஏறினாள் என்றால் அது அவரால். துரையாலும் இல்லை, மேடையில் தொண்டை கிழியப் பேசுகிற யூனியன்காரராலும் இல்லை.

நீ போன பிறகு இங்கே இன்னும் மோசம். லயத்தைச் சுற்றி இரட்டை முள்வேலி. வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவோமாம், வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை பால்மரம் வெட்டுகிறோம். கம்யூனிஸ்ட்டைப் பட்டினி போடுவதாகச் சொல்லி எங்களைப் போடுகிறார்கள். துரை பங்களாவுக்கு மட்டும் லாரி நிறைய சாமான் போகிறது. ஒவ்வொரு கதவிலும் அந்த வீட்டில் இருப்பவர் பேர் எழுதி ஒட்டியிருக்கிறது, அதில் இல்லாத ஆள் உள்ளே இருந்தால் குற்றம். கூரை இடுக்கில் ஒரு மங்குக் கிண்ணம் அரிசி கூடுதலாக இருந்தது என்று பக்கத்து லயத்து வேலாயி குடும்பத்தையே நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். அந்த ஊரில் அவளுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. அதற்கு அடுத்த மாதம்தான் போலீஸ் டீச்சரம்மா வீட்டுக்குப் போனது. பல்கேரியாவில் இப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியாம். அங்கே இருக்கும் மகள் எழுதிய கடிதங்கள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பேத்தியின் படம், பாட்டு நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் வைத்து விசாரித்தார்கள். பேத்தியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். அந்தப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதையும் நீ எடுத்துக்கிட்ட என்றாராம். குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் டவுன் பெரிய மனிதர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், வீட்டுக்காரர் சாவியைக் கேட்டார்.

அன்றைக்கு வியாழக்கிழமை, நல்ல மழை, மணி ஐந்து. கேட் சாத்துவது ஆறு மணிக்கு. காவலுக்கு நிற்கும் சிவசாமி ஆள் விட்டுக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பையோடு டீச்சரம்மா. "ராமாத்தா, வந்துட்டேன். அங்க வீடு இல்ல. இனி நம்ம வீட்லயே இருக்கேன்லா" என்றார். நம்ம வீடு என்றுதான் சொன்னார். சிவசாமி என் காதோரம் வந்து, "அக்கா, இன்னிக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருங்க, நான் பாக்கல. நாளைக்குத் துரைகிட்ட சொல்லிப் பேரெழுதிக்கலாம்" என்றான். துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. "இப்ப முடியாது டீச்சரம்மா, கதவுல பேர் ஒட்டியிருக்கு, மஸ்ஜித் தானாவுல பாய் வீட்டுக்கு லத்தீஃபாகிட்ட போயிருங்க, பஸ் இருக்குல்ல?" என்று கேட்டேன். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அவர்கள் ஊரில் அப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், லயத்தில் எத்தனை நாள் அதைச் செய்து காட்டிக் கேலி பண்ணியிருக்கிறோம். அன்றைக்கு நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். உன் படிப்புக்குக் கெடுதல் வந்துவிடும் என்று பயந்தேன் என எழுத முதலில் நினைத்தேன். அது பொய். அந்த நேரத்தில் உன் நினைப்பே வரவில்லை. என்னைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்றுதான் பயந்தேன்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மழையில் நடந்திருக்கிறார். பாதி வழியில் ஒரு மலாய்க்காரர் லாரியில் ஏற்றி நைனா முகம்மது பாய் கடை வாசலில் விட்டார். பாய் மனைவி லத்தீஃபா ஒரு கேள்வி கேட்காமல் துணி மாற்றிப் படுக்க வைத்திருக்கிறாள். காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. திங்கட்கிழமை எனக்குச் சொல்லி அனுப்பினாள், வேலை வாங்குகிற மண்டோர் லீவு கொடுக்கவில்லை, "காலையில பேர் கூப்பிடறப்ப பிரட்டுக்கு வரலைன்னா பேர வெட்டிருவேன்" என்றான், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஞாயிறு போனேன். சனிக்கிழமையே உயிர் போய், அன்று சாயங்காலமே டவுன் கிறிஸ்தவர் கல்லறையில் ஒரு மூலையில் அடக்கம் பண்ணிவிட்டார்கள். லத்தீஃபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க மேல வருத்தமே இல்ல அவங்களுக்கு. நான் போறதுக்குள்ள கேட்ட சாத்திட்டாங்க, ராமாத்தாவ பாக்க முடியலன்னு சொன்னாங்க" என்றாள். மீனா, கேட் திறந்துதான் இருந்தது. செத்துக்கொண்டிருந்தவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். நான் லத்தீஃபாவிடம் வாயைத் திறக்கவில்லை. நாற்பதாம் நாளுக்குப் பக்கத்து ஞாயிறு, அவர் தன் புருஷனுக்குச் செய்வது போலவே கோதுமை அவித்துச் சர்க்கரை கலந்து கல்லறைக்குக் கொண்டுபோனோம். வருகிறவர்கள் கையில் ஒரு பிடி கொடுக்க வேண்டும் என்பார். எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு பிள்ளை வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் தின்றோம்.

இங்கே எனக்குச் சொல்லி அழ ஆள் இல்லை. சிவசாமி என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறான். பக்கத்து வீட்டு இருசம்மாள், "விடுடீ, பொழச்சே நீ" என்கிறாள். நான் செய்தது சரி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து வந்தால் ஒரு தட்டு கழுவி ஒரு தட்டில் தின்கிறேன், கதவில் ஒட்டிய தாளில் என் ஒரு பேர்தான் இருக்கிறது.

உன்னால் ஆக வேண்டியது ஒன்று உண்டு. இதோடு ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன், படுக்கையில் அவர் கையால் எழுதி லத்தீஃபாவிடம் கொடுத்த விலாசம். பேத்தி பேர் ராலிட்சா, வயது பதினாலு. பாட்டி செத்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இங்கிருந்து அந்த நாட்டுக்குக் கடிதம் போட்டால் அடுத்த நாள் போலீஸ் என் வாசலில் நிற்கும். நீ அங்கிருந்து போடு. இங்கிலீசில் எழுது, யாராவது படித்துச் சொல்வார்கள். உனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் எழுது, லத்தீஃபா பார்த்துக்கொண்டதை எழுது. நாங்கள் எல்லோரும் கூட இருந்தோம் என்று மட்டும் எழுதாதே. கேட் திறந்திருந்தது, என் தாய் உள்ளே விடவில்லை என்று எழுது. என் பேரையும் போடு.

மாரியாத்தாள் உனக்குத் துணை இருப்பாள். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, பச்சைத் தண்ணீரில் தலை குளிக்காதே, பரீட்சையில் தேறி நல்லபடியாக வா. டீச்சரம்மாவுக்கு என்று என்னிடம் அனுப்பிய உன் கடிதம் இரண்டும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், என்ன செய்வது என்று சொல். இதற்குப் பதில் போட மறந்துவிடாதே. திட்டி எழுதினாலும் சரி, எழுது.

உன் அம்மா,
வீ. ராமாத்தாள்